அரை டிக்கெட்டில் ஐப்பசிப் பயணம்! விம்கோ நகர் வாலிபர் மறக்காத பாசஞ்சர் ரெயில்

ரெயில் வந்தால் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். ரெயில் வந்தும் ஏறாமல், என்ஜினில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்தது உண்டா?

விம்கோ நகரில் அப்படி ஒரு வாலிபர் இருக்கிறார். வயது முப்பதுக்குள். கண்டெய்னர் யார்டு ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. "சம்பளத்துக்குக் கண்டெய்னர் நம்பர், சந்தோஷத்துக்கு என்ஜின் நம்பர். ரெண்டுமே நம்பர்தான்!" என்று சிரிக்கிறார்.

பெயரைக் கேட்டால், "என் பேரு எதுக்கு? வண்டி பேரைச் சொன்னா போதாதா?" என்று நழுவிவிடுகிறார்.

இவருக்கு ரெயில் பைத்தியம் பிடித்தது ஒரே நாளில்! 2008-ம் ஆண்டு அக்டோபர் 19-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி பிறந்து மூன்றாவது நாள். அன்று 10 வயதுச் சிறுவனாக, அரை டிக்கெட்டில், அப்பாவுடன் சூளூர்பேட்டை வரை போய் வந்தார்.

கோவிலுக்கு அல்ல. கல்யாணத்துக்கு அல்ல. காரியத்துக்கும் அல்ல. ரெயிலில் போகவேண்டும் என்பதற்காகவே போன பயணம்!

அந்த ஒரு நாளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த 80 பக்க நோட்டு இப்போது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்தபோது, அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டுகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், பீரோவின் அடித்தட்டில் இருந்த நோட்டை மறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் எல்லாம் கூழ்!

மிஞ்சியிருப்பது ஞாபகம் மட்டும்தான். அதைத்தான் இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்.

தீப்பெட்டி கொடுத்த பெயர்

பயணத்துக்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

விம்கோ என்பது ஏதோ சாமி பெயரோ, தலைவர் பெயரோ அல்ல. 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற பெயரின் சுருக்கம். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923-ல் இந்தியாவில் தொடங்கிய கம்பெனி அது. திருவொற்றியூரில் அதன் தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது. தொழிற்சாலையைச் சுற்றி இருந்த பகுதிக்கும் ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எண்ணூரில் லேலண்டு, திருவொற்றியூரில் என்பீல்டு என்று கம்பெனிகள் அடுத்தடுத்து வந்தன. சங்கு ஊதினால் ஷிப்டு மாறும். ஷிப்டு மாறினால் ஸ்டேஷன் நிரம்பும். அதுதான் இந்தப் பகுதியின் கடிகாரம்.

இந்தத் தண்டவாளத்துக்கும் வயது குறைவு இல்லை. தென்னாட்டின் முதல் பயணிகள் ரெயில் 1856 ஜூலை 1-ந்தேதி ராயபுரத்தில் இருந்து மேற்கே வாலாஜா ரோட்டுக்குப் போனது. வடக்கே கூடூர் வழியாக விஜயவாடாவுக்கு நேர் இணைப்பு கிடைத்தது 1899-ல். அந்தப் பாதைதான் இன்றும் திருவொற்றியூர், எண்ணூர் வழியாக ஓடுகிறது. 1929-ல் ஓடத் தொடங்கிய ஜி.டி. எக்ஸ்பிரசும், 1976-ல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரசும், 1977-ல் வந்த கோரமண்டல் எக்ஸ்பிரசும் இந்த வழியாகத்தான் வடக்கே போகின்றன.

கும்மிடிப்பூண்டி வரை மின்சாரக் கம்பி வந்தது 1979-ல். ஆகாயத்தில் தூண் மேல் ஓடும் மெட்ரோ ரெயில் விம்கோ நகருக்கு வந்தது 2021 பிப்ரவரி 14-ந்தேதி.

நம் கதை நடந்த 2008-ல் மெட்ரோ கிடையாது. இருந்தது ஒரே ரெயில்தான்.

போனஸ் வந்தது, புத்தி மாறியது!

சிறுவனின் அப்பா ஒரு சிறு பட்டறையில் பிட்டர். மோட்டார் வண்டிகளுக்கு உதிரி பாகம் கடையும் பட்டறை. நிரந்தர வேலை அல்ல. ஆனாலும் அந்த வருஷம் தீபாவளி போனஸ் கையில் வந்தது. தீபாவளி 27-ந்தேதி. அதற்கு முன் துணி எடுக்கவேண்டும், பலகாரத்துக்குச் சாமான் வாங்கவேண்டும்.

18-ந்தேதி இரவு சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் ரெயில்ல சுத்தப் போறோம்" என்றாராம்.

"இன்னாங்க, துணி எடுக்கிற காசை ரெயில்காரனுக்கா குடுக்கப் போறீங்க?" என்று அம்மா பிடித்துக்கொண்டார்.

"பாசஞ்சர் வண்டிக்கு எவ்ளோ ஆவும்? ஒரு முழுக் கோழி வாங்குற காசுகூட ஆவாது" என்றார் அப்பா. அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. காலையில் எலுமிச்சம் பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தார்.

ஏன் சூளூர்பேட்டை? அதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம் நாடே பேசிய ஊர் ஸ்ரீஹரிகோட்டா. சந்திரனுக்கு இந்தியா அனுப்பும் முதல் விண்கலமான சந்திரயான் அங்கே தயாராக நின்றது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போக இறங்கவேண்டிய ஸ்டேஷன் சூளூர்பேட்டை. சென்னையில் இருந்து சுமார் 80 கிலோ மீட்டர்.

"ராக்கெட்டைப் பார்க்க முடியாதுன்னு நைனாவுக்குத் தெரியும். ஆனா ராக்கெட் போற ஊருக்கு நம்ம ரெயிலும் போவுதுன்னு காட்டணும்னு அவருக்கு ஆசை" என்கிறார் வாலிபர்.

வலது பக்க ஜன்னல்

காலைத் தூறலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில் வந்தது. ஞாயிறு என்பதால் கூட்டம் இல்லை. அப்பா மகனை வலது பக்க ஜன்னலில் உட்கார வைத்தார். வடக்கே போகும்போது வலது பக்கம்தான் கடல் பக்கம்.

அன்று கண்ட காட்சிகளை வாலிபர் வரிசையாகச் சொல்கிறார். அவர் கூறியதாவது:-

"கத்திவாக்கம் தாண்டினதும் எண்ணூர் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிஞ்சுது. அப்புறம் எண்ணூர் ஸ்டேஷன். அதைத் தாண்டினா கொசஸ்தலை ஆத்துப் பாலம். வண்டி பாலத்துல ஏறினதும் சத்தமே மாறிடும். தடதடன்னு இருந்தது தடாங் தடாங்னு ஆயிடும். கீழே பார்த்தா, தண்ணியில உட்கார்ந்த மாதிரியே சில பேர் நகர்ந்து போறாங்க. வாயில பனையோலைப் பறியைக் கவ்விக்கிட்டு இருந்தாங்க. 'இன்னா பண்றாங்க நைனா?'ன்னு கேட்டேன். 'கையாலேயே துழாவி இறால் புடிக்கிறாங்கடா. வலையும் கிடையாது, படகும் கிடையாது, கை மட்டும்தான்'னு சொன்னாரு."

பாலத்தைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர். அங்கே வடசென்னை அனல் மின் நிலையத்தின் பெரிய புகைபோக்கிகள். இடையிடையே உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பு மழையில் கரையாமல் இருக்க ஓலை போட்டு மூடியிருந்தார்கள்.

அப்பா இன்னொன்றையும் காட்டினார். பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் பழவேற்காட்டுப் பக்கம் இருந்து உப்பும் விறகும் படகில் ஏற்றி இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. ரெயிலும் லாரியும் வந்த பிறகு கால்வாய் படுத்துவிட்டது.

இன்று அதே ஜன்னலில் உட்கார்ந்தால் காட்சி வேறு. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் பல ஆண்டாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, படகும் வலையும் கறுப்பானதை ஊரே பார்த்தது.

"அந்தச் சமயம் பாலத்து மேல வண்டி போறப்போ எட்டிப் பார்த்தேன். பறியோட ஒரு ஆளையும் காணோம். என் நோட்டு போனதுகூடப் பெரிசில்ல" என்கிறார் வாலிபர்.

எழுத்துக்குள்ளே ரகசியம்!

மீஞ்சூரில் வண்டி நின்றபோது பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி. நிலக்கரி ஏற்றியது. அதன் என்ஜினில் ஆங்கிலத்தில் 'டபிள்யூ.ஏ.ஜி.-5' என்று எழுதியிருந்தது. "இது இன்னா நைனா?" என்று பையன் கேட்டான்.

அப்பா சொன்ன பதில்தான் அவனை இந்தப் பைத்தியத்தில் தள்ளிவிட்டது.

முதல் எழுத்து 'டபிள்யூ' என்றால் அகல ரெயில் பாதையில் ஓடுவது என்று அர்த்தம். இரண்டாவது எழுத்து 'ஏ' என்றால் ஏ.சி. மின்சாரத்தில் ஓடுவது. மேலே தொங்கும் கம்பியில் 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. டீசல் என்ஜினாக இருந்தால் 'ஏ'வுக்குப் பதில் 'டி' இருக்கும். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்கிறது. 'ஜி' என்றால் கூட்ஸ். 'பி' என்றால் பயணிகள் வண்டி. 'எம்' என்றால் இரண்டுக்கும். கடைசியில் உள்ள எண், அது எத்தனையாவது மாடல் என்பதைக் காட்டும். என்ஜினின் உடம்பில் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்றும் எழுதியிருக்கும்.

ஒரு பிட்டருக்கு இது எப்படித் தெரியும்? பட்டறையில் வார்ப்பு எண் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்! எந்த இரும்பிலும் எழுத்து இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரிக்காமல் விடமாட்டாராம்.

கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் பையன் நோட்டில் பதினோரு என்ஜின் எண்கள் ஏறிவிட்டன.

இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1942-ல் இயன் ஆலன் என்ற 20 வயது குமாஸ்தா, என்ஜின் எண்களைத் திரட்டி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் சதர்ன் ரெயில்வேதான்! புத்தகம் சூடாக விற்றது. பள்ளிக்கூடப் பையன்கள் பென்சிலும் நோட்டுமாக ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் 1989-ல் தொடங்கிய ரெயில் பிரியர் சங்கம் ஒன்று இன்றும் இயங்கி வருகிறது.

லூப் லைனில் ஒரு பாடம்

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, நெல்லூர்ப் பக்கம் போகும் பாசஞ்சருக்காக இருவரும் காத்திருந்தார்கள். வந்த வண்டியில் மோர்க்காரி, கோழிக்கூடை, வெற்றிலைக் கட்டு, பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒரு சந்தையே இருந்தது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிந்தது.

எளாவூரில் வண்டி நின்றது. நின்றது என்றால் நின்றதுதான்! பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரை மணி நேரம். பையனுக்குப் பொறுக்கவில்லை. எலுமிச்சம் பழச் சாதப் பொட்டலம் அங்கேயே காலியானது.

பிறகு ஒரு எக்ஸ்பிரஸ், காற்றைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் பாய்ந்தது. பெட்டியே ஆடியது.

அப்போதுதான் அப்பா தரையில் சாக்பீசால் கோடு போட்டுக் காட்டினார். நேராகப் போவது மெயின் லைன். பக்கவாட்டில் பிரிந்து மறுபடி சேருவது லூப் லைன். பின்னால் வேகமாக வரும் வண்டிக்கு வழிவிட, மெதுவாகப் போகும் வண்டியை லூப் லைனில் ஒதுக்குவார்கள். அதற்குத் தண்டவாளத்தின் நாக்கை நகர்த்தவேண்டும். நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடிதான் சிக்னல் விழும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆபத்து.

"நம்ம வண்டியைத்தான் எப்பவும் ஒதுக்குறாங்க, ஏன் நைனா?" என்று பையன் கேட்டான்.

"அவன் டெல்லி போவணும்டா. நாம சூளூர்பேட்டைதானே? ஆனா பாரு, அவனுக்கு எளாவூர்னு ஒரு ஊரு இருக்கிறதே தெரியாது. நாம அரை மணி நேரம் பார்த்துட்டோம்" என்றாராம் அப்பா.

சாக்பீஸ் கோட்டின் அருமை பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது. 2024 அக்டோபர் 11-ந்தேதி, ஆயுத பூஜை இரவு. அதே தடத்தில், கவரைப்பேட்டையில், மைசூரில் இருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டி மீது மோதியது. மெயின் லைனில் போக சிக்னல் கிடைத்த வண்டி, லூப் லைனுக்குள் புகுந்துவிட்டது. பெட்டிகள் புரண்டன, தீயும் பிடித்தது. பலர் காயம் அடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது பெரிய விஷயம்.

"செய்தி வந்ததும் எங்க தெருவுல எல்லாரும் 'லூப் லைன்னா இன்னா?'ன்னு கேட்டாங்க. எனக்குப் பத்து வயசுலயே தெரியும்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இல்லை. கவலைதான் இருக்கிறது.

ஏரிக்கரையில் விருந்தாளிகள்

தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் ஆரம்பாக்கம். பிறகு தடா, அக்கம்பேட்டை, சூளூர்பேட்டை. இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் வழக்கத்தைவிட அதிகமாகப் போலீஸ்காரர்கள். அப்பாவும் மகனும் ஷேர் ஆட்டோவில் பழவேற்காடு ஏரிக்கரை வரை மட்டும் போனார்கள்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. ஐப்பசி மழை தொடங்கினால் பறவைகள் வந்து சேரும். பூநாரை வரும். பக்கத்தில் நேலப்பட்டு சரணாலயத்துக்குக் கூழைக்கடா கூட்டம் கூட்டமாக வந்து முட்டை இடும்.

"தூரத்துல தண்ணி மேல வெள்ளையா ஒரு கோடு. உப்புன்னு நினைச்சேன். திடீர்னு அந்தக் கோடு எழுந்து பறந்துச்சு!" என்று சொல்லும்போது வாலிபர் கையை விரித்துக் காட்டுகிறார்.

மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கி, ஆளுக்கு ஒரு டீயும் மசால் வடையும் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். இரவு வீடு வந்து சேர்ந்தபோது பையன் அப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள், 22-ந்தேதி காலை 6.22 மணிக்குச் சந்திரயான் புறப்பட்டது. மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்தான் பையன். ஒரே மேகம். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வகுப்பில் போய், "அந்த ஊருக்கு நான் போயிருக்கேன்" என்று சொன்னானாம். சந்திரனில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டறிய அந்த விண்கலம் உதவியது என்று 2009-ல் அறிவிக்கப்பட்டபோது, அது ஏதோ தன் வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது என்கிறார்.

கொடுத்த வாக்கு

அன்று திரும்பும் வழியில் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "அடுத்த வருஷம் போனஸ் வரட்டும், பித்ரகுண்டா போவலாம்."

பித்ரகுண்டா நெல்லூரையும் தாண்டி இருக்கிறது. நீராவி என்ஜின் காலத்தில் பெரிய லோகோ ஷெட் இருந்த ரெயில்வே ஊர். கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று புகை வண்டி பார்த்து வளர்ந்தவர் அப்பா. அந்த என்ஜின்கள் இளைப்பாறிய ஊரைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய சின்ன வயசு ஆசை.

ஆனால், அடுத்த வருஷம் போனஸ் வரவில்லை. 2008 கடைசியில் உலகம் முழுவதும் தொழில் மந்தம். லாரி விற்பனை படுத்தது. லாரி விற்காவிட்டால் உதிரி பாகம் யாருக்கு வேண்டும்? பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அந்த வேலையில் ஞாயிறும் கிடையாது, போனசும் கிடையாது.

வாக்கு பதினோரு வருஷம் காத்திருந்தது. 2019 அக்டோபரில் மகன் தன் சம்பளத்தில் டிக்கெட் எடுத்து, அப்பாவைப் பித்ரகுண்டாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். வலது பக்க ஜன்னலில் அன்று உட்கார்ந்தது அப்பா!

"நாலு மணி நேரம் அவர் வாயே தொறக்கல. வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்தாரு. பித்ரகுண்டாவுல இறங்கினதும் 'ஷெட்டு எங்கப்பா?'ன்னு ஒரு பெரியவரை விசாரிச்சாரு. பழைய இடத்தைக் காட்டினாங்க. கொஞ்ச நேரம் நின்னாரு. 'சரி, பார்த்தாச்சு, டீ சாப்பிடலாம்'னாரு. அவ்ளோதான்!" என்கிறார் மகன்.

பெரம்பூரில் உயிர் பெற்ற பாட்டி

வெளிநாடுகளில் இந்தப் பருவத்துக்கு என்றே உல்லாச ரெயில்கள் விடுகிறார்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மலைகளில் அக்டோபர் மாதம் மரத்து இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறுவதைப் பார்க்கச் சிறப்பு ரெயில் போகும். ஜப்பானில் கியோட்டோ பக்கத்தில் சாகானோ ரெயிலுக்கு நவம்பரில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

நம் நாட்டிலும் உண்டு. 1855-ல் இங்கிலாந்தில் செய்த 'பேரி குயின்' என்ற நீராவி என்ஜின், 1997 முதல் அக்டோபர் தொடங்கி மார்ச் வரையிலான பருவத்தில் டெல்லியில் இருந்து ராஜஸ்தானில் உள்ள ஆல்வாருக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுத்துச் சென்று உலகப் புகழ் பெற்றது.

அதன் கூடப்பிறந்த சகோதரி இ.ஐ.ஆர்.-21. அதுவும் 1855-ல் செய்ததுதான். 1909-ல் ஓய்வு கொடுத்து, ஒரு நூற்றாண்டு காலம் காட்சிப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து கழற்றி மாட்டி, மறுபடி ஓட வைத்தவர்கள் நம் பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர்கள்! 2010 ஆகஸ்டு 15-ந்தேதி சென்டிரலில் இருந்து ஆவடிக்கு அது புகை விட்டுக்கொண்டு போனபோது, வேடிக்கை பார்த்த கூட்டத்தில் விம்கோ நகர் அப்பாவும் மகனும் இருந்தார்கள்.

"பாட்டி நடக்குது பார்றா" என்று அப்பா கத்தினாராம்.

பத்து ரூபாய், முப்பது ரூபாய்

ஆனால், சிறப்பு ரெயில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஏழைக்குத் தினமும் கிடைக்கும் உல்லாச ரெயில் பாசஞ்சர்தான் என்பது இந்த வாலிபரின் கட்சி.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லா ரெயில்களும் நின்றன. பிறகு பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாறி வந்தன. வேகம் பழைய வேகம்தான். நிற்கும் ஸ்டேஷனும் ஏறக்குறைய அதேதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயில் இருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது!

கீரைக்கட்டு விற்கிறவருக்கும், தினக்கூலிக்குப் போகிறவருக்கும் அந்த 20 ரூபாய் சும்மா இல்லை. குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றிவர நினைத்தவர்கள் அந்த நினைப்பையே விட்டார்கள். நாடு முழுவதும் இருந்து கோரிக்கை எழுந்தது. 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்பியது.

"அன்னிக்கு முப்பது ரூபா டிக்கெட்டா இருந்திருந்தா, எங்கம்மா சொன்னதுதான் ஜெயிச்சிருக்கும். நான் எளாவூரையும் பார்த்திருக்க மாட்டேன், பூநாரையையும் பார்த்திருக்க மாட்டேன்" என்கிறார் வாலிபர்.

இப்போது பிள்ளைகள் முறை

கட்டணம் குறைந்த அந்த வருஷம் ஐப்பசியில் இருந்து அவர் ஒரு வேலை செய்கிறார். தெருவில் உள்ள பிள்ளைகள் நாலைந்து பேரை, பெற்றோர் சம்மதத்தோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போகிறார். சில சமயம் பொன்னேரி வரை. பணம் சேர்ந்தால் சூளூர்பேட்டை வரை.

உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போக ஆசையா? அவர் சொல்லும் யோசனைகள் இவை. ஞாயிறு காலை கூட்டம் குறைவு. வடக்கே போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், திரும்பும்போது இடது பக்கம். 5 வயது முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட் உண்டு. படிக்கட்டுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். தண்டவாளத்தைத் தாண்டி என்ஜின் எண் பார்க்கப் போகவே கூடாது. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ஓடும் வண்டியில் செல்பி வேண்டவே வேண்டாம்.

வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்ட அப்பா, மூட்டு வலியால் இப்போது வருவது இல்லை. பிள்ளைகள் திரும்பி வந்ததும் யார் யார் என்ன எண் எழுதினார்கள் என்று வாங்கிப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்துவது அவர் வேலை.

போகிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 80 பக்க நோட்டு ஒன்று இலவசம். வீட்டில் அதைப் பாலிதீன் கவரில் போட்டு, பரண் மேல்தான் வைக்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை!